மோர்கன் சூப்பர்ஸ்போர்ட்: எந்த இடத்துல மோர்கன் இல்லாம போச்சு?

செட்டிபாளையம்_லேப்

பழைய கார் இழையில மோர்கன் பேச்சு வேற பக்கம் போய்ட்டு இருந்துச்சு, அதனால தனியா ஆரம்பிக்கிறேன். 2025ல இங்கிலாந்துல பழைய பாணி கார் செய்யற மோர்கன் கம்பெனி, பிளஸ் சிக்ஸ் மாடலை நிறுத்திட்டு சூப்பர்ஸ்போர்ட் கொண்டு வந்தாங்க. பிஎம்டபிள்யூவோட 3 லிட்டர் டர்போ ஆறு சிலிண்டர், 335 குதிரைத்திறன், 8 கியர் ஆட்டோமேட்டிக், எண்ணெய் தண்ணி இல்லாம எடை 1170 கிலோ. ஒட்டு அலுமினிய சேஸிஸ், அதுக்கு மேல ஆஷ் மரச்சட்டம் இன்னும் இருக்கு. பிளஸ் சிக்ஸில் இல்லாத பூட்டுற டிக்கி வந்திருக்கு. கழட்டி மாட்டுற கெட்டி கூரையும் வாங்கிக்கலாம்.

நீளமான பானட், தனியா நிக்கிற முன் மட்கார்டு, குதிரை லாட கிரில் எல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனாலும் பாதிப் பேரு "இது மோர்கனே இல்லை"ங்கிறாங்க. சரி, எந்த பாகம் மோர்கன் இல்லைன்னு சொல்லுங்க. "ஒரு ஃபீல் இல்லை"ன்னு மட்டும் எழுத வேண்டாம்.

கோபி_இளவட்டம்

முகம்தாங்க அண்ணா. பழைய பிளஸ் 4ல மட்கார்டுக்கும் பானட்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம் ஓடும், அதுல நிழல் விழும். ஹெட்லைட் அந்தப் பள்ளத்துல தனிக் கிண்ணமா உட்கார்ந்திருக்கும். புதுசுல எல்லாத்தையும் வழிச்சு விட்டுட்டாங்க. எல்இடி லைட்டு, கண்ணு மை வெச்ச மாதிரி. மர சேஸிஸையும் தூக்கிட்டாங்க, அப்புறம் என்ன மிச்சம்?

கரூர்_கூண்டு

தம்பி, முதல்ல அந்த மர சேஸிஸ் கதையை நிறுத்துவோம். மோர்கன் நாலு சக்கர வண்டிக்கு மர சேஸிஸ் எந்தக் காலத்துலயும் கிடையாது. 1936ல 4/4ங்கிற முதல் மாடல் வந்ததுல இருந்து 2020 வரைக்கும் பாரம்பரிய மாடலுக்கெல்லாம் இசட் வடிவ எஃகுப் பட்டையில செஞ்ச ஏணி சேஸிஸ். மரம் இருக்கிறது அதுக்கு மேல கட்டுற கூண்டுல. கதவுத் தூண், சில் (கதவுக்கு அடியில நீளமா ஓடுற கட்டை), பின் சக்கர வளைவு, டேஷ்போர்டுக்குப் பின்னாடி குறுக்குக் கட்டை, இவ்வளவுதான் ஆஷ். அதுக்கு மேல அலுமினியத் தகடு.

கரூர்ல பஸ் கூண்டு கட்டுறவங்களுக்கு இது புது விஷயமே இல்லை. சேஸிஸ் கம்பெனில இருந்து தனியா ஓடி வரும், இங்க தூண் நட்டி தகடு அடிப்போம். ஒரு காலத்துல தூணெல்லாம் மரம்தான், அப்புறம் எஃகுக் குழாய் வந்துச்சு. பஸ் கூண்டுக்கான ஏஐஎஸ் 052 விதி வந்த பிறகு உருட்டுச் சோதனை, தூண் பலம்னு கணக்கு காட்டணும், மரத்துக்குப் பேச்சே இல்லை. மோர்கன் ரெண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி, கொஞ்சமாத்தான் செய்யறாங்க, அதனால மரம் தப்பிச்சுது.

மரக்கூண்டுல எது முதல்ல போகும்னு கேட்டா, சில் கட்டை. சேஸிஸ் மேல படுத்திருக்கும், முன் சக்கரம் அடிக்கிற தண்ணி நேரா அதுக்குப் போகும். ரெண்டாவது, கதவுத் தூணோட அடி. கீல் திருகு இறங்கின ஓட்டை வழியா ஈரம் ஏறும், மரத்தோட இழை முனை திறந்திருக்கிற இடம் அது. மூணாவது, பின் சக்கர வளைவோட கீழ் நுனி. கதவைத் திறந்து மேலே தூக்கிப் பாருங்க. கதவோட தூணும் சேர்ந்து அசைஞ்சா அடி மக்கிருச்சுன்னு அர்த்தம். கீல் மட்டும் ஆடினா புஷ் தேஞ்சிருக்கு, அது ஒரு மணி நேர வேலை.

80களின் நடுவுல இருந்து கூண்டை மொத்தமா மரக்காப்பு மருந்துத் தொட்டியில முக்கி எடுக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முந்தின வண்டி வாங்கிறவங்க ஸ்குரூ டிரைவர் நுனியால சில்லை அடிப்பக்கமா குத்திப் பார்க்காம முன்பணம் குடுக்காதீங்க.

சங்ககிரி_லோடு

கூண்டு அண்ணன் ஒண்ணு விட்டுட்டாரு. மரத்துல அலுமினியத்தை எந்தத் திருகு போட்டு அடிக்கிறாங்கங்கிறதும் முக்கியம். சாதா எஃகு திருகு துருப்பிடிச்சு வீங்கும், சுத்தி இருக்கிற மரத்தைக் கருக்கிரும், அப்புறம் கையால இழுத்தாலே வந்துரும். பித்தளை போட்டா இன்னும் மோசம், ஈரம் பட்டா பித்தளை தப்பிச்சுக்கும், அலுமினியம் தான் வெள்ளைப் பொடியாகும். துருப்பிடிக்காத எஃகு திருகு, தலைக்கு அடியில சீலன்ட், தகடுக்கும் கட்டைக்கும் நடுவுல பிற்றுமின் நாடா இல்லேனா பிரைமர் அடிச்ச துணி. தகடு பச்சையா மரத்தைத் தொடவே கூடாது.

பீளமேடு_பேட்டர்ன்

ஆஷ் ஏன்னு யாரும் கேக்கலை, நானே சொல்லிடறேன். கிரிக்கெட் ஸ்டம்ப், கோடாலிப் பிடிக்குப் போற மரம் அது. இழை நீளமா நேரா ஓடும், அதிர்ச்சியை வாங்கிக்கும், ஆவியில வேக வெச்சா சொன்னபடி வளையும், திருகை விடாது. அதோட ஒரே குறை, ஈரத்துல சீக்கிரம் மக்கும். அதனாலதான் மருந்துல முக்குறது.

பின் சக்கர வளைவை ஒரே கட்டையில அறுக்கக் கூடாது. வளைவுல இழை குறுக்கா வெட்டுப்பட்டு அந்த இடத்துலயே ஒடியும். அங்க மெல்லிய ஆஷ் பட்டைகளை மூணு அடுக்கா பசை போட்டு, அச்சுல மாட்டி கிளாம்ப் இறுக்கி விட்டுருவாங்க. காய்ஞ்சு எடுத்தா இழை வளைவோடவே ஓடும்.

இங்க ஆஷ் கிடைக்கலைன்னு தேக்குல செய்யலாமான்னு போன இழையில யாரோ கேட்டிருந்தாங்க. செய்யலாம், ஆனா மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும். தேக்குல எண்ணெய் இருக்கு, சாதா வெள்ளைப் பசை பிடிக்காது. ஒட்டுறதுக்குச் சித்த முன்னாடி முகத்தை உப்புத்தாள் போட்டு, அசிட்டோன்ல துடைச்சு எபாக்ஸி போடணும். அரை நாள் விட்டா எண்ணெய் திரும்ப மேல வந்துரும். ரெண்டாவது, தேக்கு ஆஷ் அளவுக்கு வளையாது. தடிமனைக் குறைச்சு அடுக்கைக் கூட்டுங்க. 3 மி.மீ. பட்டை எடுத்துக்கிட்டா சக்கர வளைவுக்கு வேக வைக்காமலே போகும். மூணாவது, தேக்குல மணல் சத்து இருக்கு, இழைப்புளி முனை சீக்கிரம் மழுங்கும்.

கருவேலம் வேண்டாம். வண்டிச் சக்கரத்துக்கு அது தங்கம், ஆனா கனம் ஜாஸ்தி, காய்ஞ்சா வெடிக்கும். எந்த மரமானாலும் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழ வந்த பிறகு அறுங்க. கரூர், தாராபுரம் பக்கம் சித்திரை வெயில்ல மரம் இன்னும் சுருங்கும், பச்சையா கட்டினது எல்லா மூட்டுலயும் கிறீச்சிடும்.

இன்னொண்ணு. 2024ல இத்தாலி டிசைன் கம்பெனி பினின்ஃபரினாவோட சேர்ந்து 50 வண்டி மட்டும் செஞ்ச மிட்சம்மர்ல, கதவு மேல் விளிம்பு முழுக்க மெல்லிய தேக்கு அடுக்குகளை ஒட்டிக் கடைஞ்சு வெளியவே காட்டியிருக்காங்க. நூறு வருசத்துக்கும் மேல மரத்தைத் தகடுக்குள்ள ஒளிச்ச கம்பெனி, வெளிய காட்டணும்னப்ப ஆஷை விட்டுட்டு வெயில் மழை தாங்குற தேக்கைத்தான் எடுத்திருக்காங்க. "பழமையை விட்டுட்டாங்க"ன்னு சொல்றவங்க இந்த வண்டியையும் பார்க்கணும்.

தாராபுரம்_தேவி

மரம் பத்தி அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா லேப் தம்பி கேட்டது முகம், அதுக்கு வருவோம்.

மோர்கன் வாங்குறவங்க "கெடுத்துட்டாங்க"ன்னு கத்துறது இது முதல் தடவை இல்லை. 1936க்கு முன்னாடி கம்பெனி விற்றது மூணு சக்கரம் மட்டும்தான், நாலாவது சக்கரம் வந்ததே அவங்களுக்குப் புதுமை. அப்புறம் பிளஸ் 4ல முகம் தட்டையா, ரேடியேட்டர் செங்குத்தா வெளிய நிக்கும், ஹெட்லைட்டும் தனியா நிக்கும். 1953, 54ல அதை மூடி, வளைஞ்ச கிரில் வெச்சாங்க. இன்னிக்கு கோபி தம்பி "பழைய முகம்"னு சொல்றது அந்த வளைஞ்ச கிரிலைத்தான். தட்டை முகம் பிடிச்சவங்க இன்னும் அதைத் தனி வகையாத் தேடி வாங்குறாங்க.

1963ல நிஜமாவே நவீனமா ஒண்ணு செஞ்சாங்க, பிளஸ் 4 பிளஸ். கண்ணாடியிழை உடம்பு, மூடின கூரை, மட்கார்டு தனியா இல்லை. மொத்தமே 26 வண்டிதான் போச்சு. அடியில பழைய பிளஸ் 4 சேஸிஸும் சஸ்பென்ஷனும் அப்படியே. உள்ள அதே குலுக்கல், வெளிய மட்டும் புதுசு. புதுசு கேட்டவங்களுக்கு ஓட்டம் பிடிக்கலை, பழசு கேட்டவங்களுக்கு உருவம் பிடிக்கலை.

2000ல ஏரோ 8 இதுக்கு நேர் எதிர். உள்ள முழுசா மாத்திட்டாங்க: ஒட்டு அலுமினிய சேஸிஸ், பிஎம்டபிள்யூ 4.4 லிட்டர் வி8. வெளியே பழைய உருவத்தை இழுத்துப் பிடிச்சாங்க. ஜனம் பேசினது ஒண்ணே ஒண்ணு, மாறுகண். அந்தப் பேச்சு நியாயம்தான், அதனாலதான் பிறகு லைட்டை மாத்தினாங்க.

கோபி_இளவட்டம்

மாறுகண் ஏன் வந்துச்சு அக்கா? அவ்வளவு பெரிய தப்பை யாரும் கவனிக்கலையா?

தாராபுரம்_தேவி

சின்னக் கம்பெனி சொந்தமா ஹெட்லைட் செய்ய முடியாது. கண்ணாடி, ரிஃப்ளெக்டர், சட்டப்படி ஒளிச் சோதனைன்னு ஒவ்வொரு லைட்டுக்கும் அச்சுச் செலவே கம்பெனியைத் தின்னுரும். அதனால வெளிய இருந்து வாங்குவாங்க. ஏரோ 8க்கு ஃபோக்ஸ்வேகன் நியூ பீட்டிலோட லைட்டை எடுத்து, இடது பக்கத்தது வலது, வலது பக்கத்தது இடதுன்னு மாத்தி மாட்டினாங்க. அந்த லைட்டோட சாய்வு வெளியே பார்க்க வேண்டியது, உள்ளே பார்க்க ஆரம்பிச்சுது. 2005 வாக்குல மினியோட லைட்டுக்கு மாத்தினாங்க, கண்ணு நேராச்சு. அதுக்குள்ள பேரு கெட்டுப் போச்சு.

சங்ககிரி_லோடு

முகத்துல அடிச்சுக்கிட்டிருக்கீங்க, ஒரு நிமிசம் கீழ குனிஞ்சு பாருங்க. மோர்கனோட நிஜமான அடையாளம் ஸ்லைடிங் பில்லர். ஆரம்பத்துல இருந்து பாரம்பரிய மாடல் 2020ல போகிற வரைக்கும் முன்பக்கம் அதுதான். லாரிக்காரனுக்கு ஒரே வரியில சொல்லலாம்: சக்கரம் திரும்புற அச்சான கிங் பின்னே சஸ்பென்ஷன்.

செங்குத்தா ஒரு தூண், அதுல சக்கரத்தைத் தாங்குற ஸ்டப் ஆக்சில் மேலயும் கீழயும் வழுக்கும். தூணுக்கு மேல பெரிய ஸ்பிரிங், கீழ சின்ன ரீபவுண்ட் ஸ்பிரிங். ஸ்டியரிங் திருப்பினாலும் அதே புஷ், குழியில இறங்கினாலும் அதே புஷ், ரெண்டு பக்கமும் தேயும். வெண்கல புஷ் தேய்ஞ்சா 70, 80 கி.மீ. வேகத்துல ஸ்டியரிங் நடுங்கும். பலான்ஸ் பாருன்னு அலைய வேண்டியதில்லை, ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா தெரிஞ்சுரும்.

புஷ் மாத்தும்போது பெரும்பாலான பேர் பண்ற தப்பு: மேல் புஷ்ஷைத் தனியா, கீழ் புஷ்ஷைத் தனியா ரீம் பண்றது, அதாவது ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவுறது. ரெண்டும் ஒரே கோட்டுல இருக்காது, தூண் இறுகும், ஸ்டியரிங் திரும்பி வராது. அழுத்திப் போட்ட பிறகு பைலட் வெச்ச நீள ரீமரால ரெண்டையும் ஒரே ஓட்டத்துல ரீம் பண்ணணும். கிரீஸ் கன் அடிக்கும்போது சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கிட்டு அடிங்க, இல்லேனா எடை ஒரு பக்கமா உட்கார்ந்து கிரீஸ் சுத்தியும் போகாது. பழைய வண்டில காலால மிதிக்கிற ஒரு வால்வு இருக்கும், மிதிச்சா இன்ஜின் ஆயில் தூணுக்குப் போகும். காலைல இன்ஜின் சூடாகிறதுக்கு முன்னாடி மிதிக்கணும், ஆயில் சூடாகி நீர்த்துட்டா தூண்ல நிக்காம ரோட்டுல சொட்டும்.

இதெல்லாம் போச்சு. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கை சக்கரத்தைப் பிடிக்கிற டபுள் விஷ்போன் வந்துச்சு. என்னைக் கேட்டா மோர்கன் இல்லாம போனது ஹெட்லைட்டுல இல்லை, இங்கதான்.

செட்டிபாளையம்_லேப்

லோடு அண்ணா, ஒத்துக்கிறேன், ஆனா முகத்தைப் பத்தின சண்டைக்கும் அதுதான் காரணம்.

ஸ்லைடிங் பில்லர்ல சக்கரம் தூணோட நேரா மேல போகும். வண்டி திருப்பத்துல சாஞ்சா சக்கரமும் அதே அளவு சாயும், டயர் வெளி விளிம்புல ஓடும். அதைச் சமாளிக்க ஸ்பிரிங்கைக் கல்லாட்டம் வெச்சாங்க, மிச்ச அசைவைச் சேஸிஸ் முறுக்கிக் குடுத்துச்சு. 335 குதிரையை அதுல கட்ட முடியாது. டபுள் விஷ்போன்ல மேல் கை குட்டை, கீழ் கை நீளம், அதனால சாயும்போது வெளிச் சக்கரம் ஓரளவு நேரா நிக்கும். ஆனா கைக்கு இடம் வேணும். உள்பக்கம் இன்ஜின் உட்கார்ந்திருக்கு, கைகள் வெளியதான் வரணும். சக்கரங்களுக்கு நடுவுல அகலம் கூடுது, டயரும் அகலமாகுது, மட்கார்டு அதை மூடணும். ஒல்லியா நீளமா இருந்த மூக்கு இப்ப அகலமான தோளுக்கு நடுவுல நிக்குது. கோபி தம்பி சொல்ற அந்தப் பள்ளம் ஆழம் குறைஞ்சது வரைகிறவங்க மனசுப்படி இல்லை, கை நீளத்தால.

2019ல சிஎக்ஸ்ங்கிற புது அலுமினிய சேஸிஸோட பிளஸ் சிக்ஸ் வந்தப்பவே இது நடந்துச்சு. அப்ப பழைய சட்டையை அகலமான உடம்புக்குப் போட்டாங்க, அதனால கொஞ்சம் உப்பித் தெரிஞ்சுது. சூப்பர்ஸ்போர்ட்ல உடம்புக்கு ஏத்தபடி புதுசா வரைஞ்சிருக்காங்க. எனக்கு இதுதான் நேர்மையாத் தெரியுது.

கரூர்_கூண்டு

வரைஞ்சது நேர்மைதான், செஞ்ச விதம் வேற. பழைய மட்கார்டைக் கையால துண்டு துண்டா அடிச்சு, பற்ற வெச்சு, விளிம்பைக் கம்பி வெச்சுச் சுருட்டுவாங்க. இப்ப சூப்பர்ஃபார்மிங். அலுமினியத் தகட்டை 450, 500 டிகிரிக்குச் சூடாக்கி, காத்து அழுத்தத்துல அச்சுல படிய வைக்கிறது. மொத்த மட்கார்டும் ஒரே தகடு, மூட்டே இல்லை. இது சூப்பர்ஸ்போர்ட்ல வந்ததில்லை, 90களின் கடைசிலயே வந்துருச்சு. அதைப் பத்தி அன்னிக்கு யாரும் கத்தலை, உருவம் மாறலைங்கிறதால.

கைவேலை உசத்தின்னு பேசுறவங்களுக்கு ஒண்ணு: பழைய மட்கார்டு சாகுறது அந்தச் சுருட்டின விளிம்புலதான். உள்ள எஃகுக் கம்பி, சுத்தி அலுமினியம், நடுவுல தண்ணி. பெயிண்ட் கொப்புளமா வரிசையா வரும், சுரண்டினா வெள்ளைப் பொடி. பட்டி போட்டு மூடினா ஒரு மழைக்காலம் தாங்கும், மறுபடி வரும். சுருட்டை விரிச்சு, கம்பியை எடுத்துட்டு, துருப்பிடிக்காத கம்பியோ அலுமினியக் கம்பியோ வெச்சு, சுருட்டுறதுக்கு முன்னாடி உள்ள பிரைமர் அடிச்சாத்தான் தீரும். சூப்பர்ஃபார்ம் தகட்டுல இந்த நோய் இல்லை.

தாராபுரம்_தேவி

அப்ப மூணு சக்கர சூப்பர் 3? 2022ல வந்தது. அதுல மரச்சட்டமே கிடையாது, உடம்பே சேஸிஸா இருக்கிற அலுமினிய மோனோகாக். ஃபோர்டு 1.5 லிட்டர் மூணு சிலிண்டர், 118 குதிரை, மாஸ்டா எம்எக்ஸ்-5ல இருந்து 5 கியர் பெட்டி, எடை 635 கிலோ. உள்ள வெளிய எல்லாமே புதுசு. ஆனா சூப்பர்ஸ்போர்ட்டைத் திட்டுற அதே ஆளுங்க இதைக் கொண்டாடுறாங்க. இதுக்கு லேப் தம்பியோட கணக்கு என்ன?

செட்டிபாளையம்_லேப்

அதுக்கு முந்தின 3 வீலர்ல, 2011ல இருந்து 2021 வரைக்கும், எஸ்&எஸ் கம்பெனியோட வி-ட்வின், அதாவது வி வடிவ ரெண்டு சிலிண்டர் இன்ஜின், மூக்குக்கு முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். அலங்காரம் இல்லை அது, காத்துல குளிரணும், அதனால வெளிய இருந்துச்சு. புகை விதி இறுகவும் அந்த இன்ஜின் போயாச்சு. தண்ணில குளிர்ற இன்ஜினை முன் சக்கரத்துக்குப் பின்னாடி உள்ள தள்ளினாங்க. ரேடியேட்டரை எங்க வைக்கிறது? மூக்குல வெச்சா சாதா கார் ஆயிரும். ரெண்டு பக்கமும் வெச்சு, அதுக்கு வெளிப்பக்கமா தட்டையான பலகை மாதிரி தகடு நிறுத்தினாங்க. முன்னாடி வார்ப்பு அலுமினியம் அப்படியே தெரியுது, சஸ்பென்ஷன் கையும் அப்படியே தெரியுது.

கொண்டாடுறதுக்குக் காரணம் அதுதான்னு நினைக்கிறேன். எது எதுக்கு இருக்குன்னு வெளிய நின்னு பார்த்தாலே புரியுது.

பீளமேடு_பேட்டர்ன்

அந்த முன் வார்ப்பைப் படத்துல பெரிசு பண்ணிப் பாருங்க. வார்ப்பு ஃபவுண்டரியில இருந்து வந்த மாதிரியே விட்டிருக்காங்க, உட்காருற முகத்துல மட்டும் கடைசல். வெளிய தெரியும் வார்ப்புல ஊசி ஓட்டை ஒண்ணு வந்தாலும் தூக்கிப் போடணும், பட்டி வெச்சு மூட முடியாது. அலுமினியம் உருக்கும்போது ஹைட்ரஜனை இழுத்துக்கும், வாயு நீக்கம் சரியாப் பண்ணலைன்னா ஊசி ஓட்டை நிச்சயம். அதை வெளிய காட்டுறதுக்கு ஒரு தைரியம் வேணும். சூப்பர்ஸ்போர்ட்ல இந்த மாதிரி ஒரு இடம்கூட எனக்குக் கிடைக்கலை. அழகா இருக்குது, செஞ்ச கை தெரியலை. என்ற கட்சி இதுதான், கோபி தம்பிக்கும் லோடு அண்ணனுக்கும் நடுவுல.

சங்ககிரி_லோடு

இது சரியான பேச்சு. பிளஸ் சிக்ஸ்ல பிஎம்டபிள்யூ கியர் லிவரை அப்படியே பிடுங்கி நட்டதும் இந்தக் கணக்குல வரும். மரமும் தோலுமா இருக்கிற இடத்துல அந்த ஒரு பிளாஸ்டிக் கட்டை. இன்ஜின் கடன் வாங்கினா யாரும் கேக்கறதில்லை, 1968ல பிளஸ் 8க்கு ரோவர் வி8 கடன்தான், அதை 2004 வரைக்கும் கும்பிட்டாங்க. கைக்கும் கண்ணுக்கும் படுற இடத்துல கடன் வாங்கினா மாட்டிக்கும். ஏரோ 8 லைட்டும் அதே கதை.

செட்டிபாளையம்_லேப்

அந்த லிவரை ஒத்துக்கிறேன். டிக்கி, கூரையை ஒத்துக்க மாட்டேன். மழையில கூரையை வைக்க இடம் இல்லாத வண்டியை "மரபு"ன்னு சொல்லிப் பாதுகாக்கிறது, ஓட்டாதவங்க பேச்சு.

கோபி_இளவட்டம்

சரிங்க அண்ணா, முகத்தை விட்டுடறேன். பள்ளத்தை விட மாட்டேன். பழைய பிளஸ் 4 முன் மட்கார்டை நாலுல ஒரு பங்கு அளவுல தகடுல அடிச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன், அந்த நிழல் எங்க விழுதுன்னு கையிலேயே தெரியட்டும். எந்தத் தகடு, எப்படி ஆரம்பிக்கிறது?

கரூர்_கூண்டு

சின்ன அளவுக்கு 1 மி.மீ. போதும், நிஜ அளவுன்னா மட்கார்டுக்கு 1.6, கதவுக்கு 1.2. கலப்பில்லாத அலுமினியம், அரை இறுக்கம். கடையில "சாஃப்ட்"னு கேட்டா சமையல் பாத்திரத் தகடு குடுப்பாங்க, அது அடிச்சா இஷ்டத்துக்கு ஓடும்.

முதல்ல தகட்டைச் சூடாக்கி இளக்கணும். துணி சோப்புக் கட்டியை ரெண்டு பக்கமும் தேய்ச்சு, கேஸ் டார்ச்சை ஆட்டிக்கிட்டே காட்டுங்க. சோப்பு கருத்ததும் நிறுத்திரணும். அலுமினியம் இரும்பாட்டம் சிவக்காது, சிவக்கும்னு காத்திருந்தா ஓட்டை விழுந்துரும். ஆறின பிறகு மணல் பைமேல வெச்சு, மரச் சுத்தியலால நடுவுல இருந்து இல்லை, விளிம்புல இருந்து உள்ள சுத்தி சுத்தி அடிச்சுட்டு வாங்க. சத்தம் மந்தமா இருக்கிற வரைக்கும் தகடு இளகியிருக்கு. சத்தம் கணீர்னு மாறினா இறுகிருச்சு, மறுபடி சோப்பு.

பீளமேடு_பேட்டர்ன்

அதுக்கு முன்னாடி மர அச்சு வேணும் தம்பி, கண்ணு அளவுல அடிச்சா பள்ளம் வராது. 12 மி.மீ. பிளைவுட்ல குறுக்கு வெட்டு அட்டைகளை அறுத்து, 50 மி.மீ.க்கு ஒண்ணா நிறுத்துங்க. விளிம்பைத் தகட்டுத் தடிமன் அளவுக்கு உள்ள குறைச்சு அறுங்க, இல்லேனா முடிச்ச மட்கார்டு பெரிசாயிரும். தகடு அட்டையைத் தொடுதான்னு பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிச்சம் கசியற இடம்தான் இன்னும் இறக்க வேண்டிய இடம்.

கரூர்_கூண்டு

50 எல்லா இடத்துக்கும் ஆகாதுங்க. மட்கார்டு பானட் பக்கம் திரும்பி இறங்குற இடத்துல 25க்கு ஒண்ணு வைக்கச் சொல்லுங்க. தம்பியோட நிழல் அந்த ரெண்டு அட்டைக்கு நடுவுலதான் இருக்கு.

கோபி_இளவட்டம்

பிளைவுட் வாங்கியாச்சு. ஹெட்லைட் கிண்ணத்தை அதே தகட்டுல சேர்த்து அடிக்கணுமா, தனியாவா?

பீளமேடு_பேட்டர்ன்

தனியா. கிண்ணத்தை மரத்துல கடைஞ்சு, அது மேல தகட்டை லேத்துல அமுக்கி எடுத்துருங்க. மட்கார்டுல ஓட்டையை 6 மி.மீ. சின்னதா வெட்டி, விளிம்பை வெளிப்பக்கமா மடிச்சு விட்டு, கிண்ணத்தை அதுமேல உட்கார வைங்க. ஓட்டையை முதல்லயே சரியான அளவுக்கு வெட்டிட்டா மடிக்கத் தகடு மிச்சம் இருக்காது.